வெள்ளரி நாத்துல ஓட்டை, மண்ணுல துள்ளுற வெள்ளைப் பூச்சி: ஸ்பிரிங்டெயில் பத்தி விரிவா ஒரு பதில்

கேள்வி சுருக்கமா இதுதான்: பசுமைக்குடில்ல வெள்ளரி விதை போட்டு பன்னெண்டு நாள் ஆச்சு, பாதி முளைக்கவே இல்ல, முளைச்சதுலயும் மொத ரெண்டு இலைல குண்டூசி குத்துன மாதிரி குழி குழியா இருக்கு, தண்ணி ஊத்துனா மண்ணு மேல சின்னச் சின்னதா வெள்ளைப் பூச்சி கணக்கில்லாம வெளிய வந்து சிலது துள்ளுது, என்ன மருந்து அடிக்கணும்?

மருந்து பேரும் கடைசில சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி இன்னைக்கே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, நாளைக்குக் காலைல ஊத்துற தண்ணிய ஊத்தாதீங்க. நாத்து வாடுற வரைக்கும் காயப்போடச் சொல்லல, மேல் மண்ணு ஒரு விரல்கணு ஆழத்துக்குக் காஞ்சு நிறம் மாறட்டும், அதுக்கப்புறம் ஊத்துங்க. ஏன் இப்படிச் சொல்றேன்னு கீழ விளக்குறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

துள்ளுறது ஸ்பிரிங்டெயிலா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. ஆறு காலு, றெக்கை கிடையாது, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் நீளம். வயித்துக்கு அடில கவட்டை மாதிரி ஒரு வால் மடிஞ்சு ஒரு கொக்கில மாட்டியிருக்கும், தொட்டா கொக்கி விடும், வால் தரைய அடிக்கும், பூச்சி எகிறிப் போயிடும், அதான் ஸ்பிரிங்டெயில்னு பேரு. நாம பூச்சின்னு சொன்னாலும் இப்ப விஞ்ஞானிங்க இத பூச்சி வகுப்புல சேர்க்கிறது இல்ல, தனிக் கூட்டம், ஏன்னா வாய் உறுப்பு தலைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். ரொம்பப் பழைய ஜாதி வேற, ஸ்காட்லாந்துல ரைனிங்கிற இடத்துப் பாறைல கிடைச்ச புதைபடிவம் 40 கோடி வருஷத்துப் பழசு. 19ஆம் நூற்றாண்டுல ஜான் லுபக்ங்கிறவர் இந்தக் கூட்டத்துக்கு கொலெம்போலான்னு பேர் வெச்சாரு, கிரேக்கத்துல பசை, ஆப்பு ரெண்டுக்குமான சொல்லையும் சேர்த்து. வயித்துக்கு அடில மொத கண்டத்துல ஒரு குட்டிக் குழாய் இருக்கு, அதத்தான் அவர் ஒட்டிக்கிற உறுப்புன்னு நினைச்சாரு, அது ஒட்டவும் செய்யும், ஆனா முக்கியமான வேலை தண்ணிய உறிஞ்சுறது. இத எதுக்கு இவ்ளோ சொல்றேன்னா, பெரும்பாலான ஸ்பிரிங்டெயில் தோல் வழியாவே மூச்சு விடும், தோல் ஈரமா இருந்தாத்தான் மூச்சு, காஞ்ச மண்ணுல கொஞ்ச நேரம் மாட்டுனாலே வத்திப்போய்ச் செத்துரும். அதோட உசுரு உங்க பூவாளில இருக்கு.

அடுத்து, இது என்ன திங்கும். மண்ணுல இருக்கிற பூஞ்சை, பாசி, அழுகுற இலை, செத்த வேர், பாக்டீரியா, இதுதான் தினப்படி சாப்பாடு. ஆயிரக்கணக்கான வகை இருக்கு, அதுல பயிருக்குக் கெடுதல் பண்றது கைவிரல்ல எண்ணக்கூடிய அளவுதான். சொல்லப்போனா நாத்தழுகல் கொண்டு வர ரைசக்டோனியா பூஞ்சையை மேஞ்சு திங்கிற வகை நிறைய, பருத்தி நாத்துல செஞ்ச ஆய்வுல ஸ்பிரிங்டெயில் இருந்த தொட்டில நோய் குறைஞ்சதையே பாத்திருக்காங்க. அதனால மண்ணுல துள்ளுதுன்னு பாத்த உடனே கை நடுங்க வேண்டாம். நல்லா வேலை செய்யுற மண்ணுல இது இல்லாம இருந்தாத்தான் சந்தேகப்படணும்.

அப்போ நாத்த ஏன் கடிக்குது? ரெண்டு மூணு விஷயம் சேர்ந்தா கடிக்கும். ஒண்ணு, கூட்டம் அளவுக்கு மீறிப் போயிருக்கணும், அதுக்கு மக்காத குப்பையும் விடாத ஈரமும் வேணும். ரெண்டு, அந்தக் கூட்டத்துக்குப் பூஞ்சை, அழுகல் எல்லாம் பத்தாம போகணும். மூணு, எதிர்ல ரொம்ப இளசா ஏதாவது இருக்கணும், ஏன்னா அது வாய் ரொம்பச் சின்னது, மேலோட்டமா சுரண்டத்தான் முடியும், தடிச்ச தோலை அதால ஒண்ணும் பண்ண முடியாது. முளை விட்ட விதை, வேர் நுனி, வேர்த்தூவி, மண்ண முட்டிட்டு வர வெள்ளைத் தண்டு, அப்புறம் அந்த மொத ரெண்டு வித்திலை, இவ்ளோதான் அதுக்கு எட்டும். மூணாவது நாலாவது நிஜ இலை வந்து தண்டு பச்சையா முறுக்கேறிட்டா அப்புறம் கூட்டம் எவ்ளோ இருந்தாலும் செடிய அசைக்கிறது கஷ்டம்.

இந்த எடத்துலதான் நெறைய பேர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கு. வெள்ளரி விதை 25 டிகிரி மண்ணுல நாலு நாள்ல வெளிய வரும், 30 டிகிரில மூணே நாள், 20 டிகிரில ஆறு நாள், 15 டிகிரில ஏறக்குறைய பதிமூணு நாள் ஆகும். அதே விதை, அதே பூச்சி, ஆனா குளிர்ந்த ஈர மண்ணுல நாத்து மூணு மடங்கு நாள் மண்ணுக்குள்ளயே கெடந்து சுரண்டல் வாங்குது. உங்க விதை பன்னெண்டு நாளாகியும் பாதி வரலன்னு சொன்ன உடனே நான் மொதல்ல நினைச்சது பூச்சிய இல்ல, மண்ணு சூட்டை. காத்து எவ்ளோ டிகிரின்னு பாக்காதீங்க, தெர்மாமீட்டர விதை இருக்கிற ஆழத்துல சொருகிக் காலைல ஆறு மணிக்குப் பாருங்க. மதியம் குடில் 32 காட்டும், விடியக்காலைல தட்டு 16ல இருக்கும், மனசு 32தான் ஞாபகம் வெச்சிருக்கும்.

வகைல முக்கியமா ரெண்ட மட்டும் பிரிச்சுத் தெரிஞ்சுக்கோங்க. உருண்டையா குட்டிக் கடுகுக்குக் கண்ணு முளைச்ச மாதிரி, மஞ்சப் புள்ளியோட கருப்பா பழுப்பா இருக்கிறது ஒண்ணு, போர்லெட்டியெல்லா ஹார்டென்சிஸ்னு சொல்ற தோட்ட வகை அந்தக் குடும்பம். அது மேல ஏறி வித்திலையைச் சுரண்டும், நல்லாவே துள்ளும். இதே உருண்டைக் கூட்டத்துல இன்னொண்ணு, சிமின்தூரஸ் விரிடிஸ், ஆஸ்திரேலியா மேய்ச்சல் நிலத்துல குதிரைமசாலையும் குளோவரையும் இலைல கண்ணாடி ஜன்னல் வெச்ச மாதிரி சுரண்டிடும், அங்க அது பெரிய தலைவலி. ரெண்டாவது, நீளமா, சுத்த வெள்ளையா, கண்ணே இல்லாம மண்ணுக்குள்ளயே வாழுற புரோடாஃபோரூரா, ஓனிக்கியூரஸ் கூட்டம். இதுங்களுக்கு அந்த ஸ்பிரிங்கே கிடையாது, துள்ளாது, தொட்டா சுருண்டுக்கும். ஐரோப்பால சர்க்கரை எடுக்குற பீட்டு நாத்தை அடிக்கிறது இதான், கலிபோர்னியால லெட்டூஸ் விதைப்புலயும் இந்தக் கூட்டத்துல ஒண்ண கெடுதல் பண்றதா கண்டுபிடிச்சாங்க. கவனிங்க, உங்க விதை முளைக்காததுக்குக் காரணம் ஸ்பிரிங்டெயில்தான்னா அது பெரும்பாலும் இந்தத் துள்ளாத வெள்ளையாத்தான் இருக்கும், நீங்க மேல பாக்குற துள்ளுறது வேற வகையா, வெறும் பாசி மேயுறதா இருக்கலாம். கண்ணுக்குப் பட்டவனும் தப்பு பண்ணவனும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்ல.

சரி, கடிச்சது யாருன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது. ஒரு நாத்த வேரோட எடுத்து, ஓடுற தண்ணில இல்லாம ஒரு கிண்ணத்துத் தண்ணில ஆட்டி மண்ணக் கழுவுங்க. பத்து மடங்கு லென்ஸ் வெச்சு வித்திலைக்குக் கீழ இருக்கிற வெள்ளைத் தண்டைப் பாருங்க. ஸ்பிரிங்டெயில் வேலையா இருந்தா மேலோட்டமா வட்ட வட்டமா பள்ளம் இருக்கும், ஓரம் கொஞ்சம் பழுப்பேறி, பெரியம்மைத் தழும்பு மாதிரி, ஆழமா துளைச்சு உள்ள போயிருக்காது. வேர் நுனி மொட்டையா, பழுப்பா இருக்கும், சுத்தி இருக்க வேண்டிய பஞ்சு மாதிரி வேர்த்தூவி சுரண்டி வழிச்சு விட்ட மாதிரி இருக்கும். வித்திலைல பள்ளம் அடிப்பக்கம் ஜாஸ்தி, சில எடத்துல மேல்தோல் மட்டும் மெல்லிசா மிச்சம் நின்னு வெளிச்சம் தெரியும், இலை பெருசாக பெருசாக அந்தத் தோல் கிழிஞ்சு ஓட்டையாகும். அதனால இன்னைக்கு நீங்க பாக்குற ஓட்டை ஒரு வாரத்துக்கு முன்னாடி விழுந்த பள்ளமா இருக்கும். அந்தக் கிண்ணத்துத் தண்ணிய ஊத்திடாதீங்க. மேல மிதக்குறத பாருங்க, ஸ்பிரிங்டெயில் உடம்புல தண்ணி ஒட்டாது, அதனால மூழ்காது, மாவு தூவுன மாதிரி மேல கூட்டமா நிக்கும், சிலது தண்ணி மேல இருந்தே துள்ளும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விடுங்க, அப்படியே கீழ எறங்கிடும். பேன், சிலந்தி, புழு எதுவும் இப்படி அழகா மிதக்காது, அதனால அடையாளத்துக்கு இத விட சுலபமான வழி எனக்குத் தெரிஞ்சு கிடையாது.

இதே மாதிரி சேதம் பண்ற மத்தவங்களையும் விசாரிங்க. பூஞ்சை ஈயோட புழுவுக்குக் காலு கிடையாது, உடம்பு கண்ணாடி மாதிரி, தலை மட்டும் கருப்பா மினுக்கும், தட்டுக்கு மேல சின்னக் கொசு மாதிரி ஈ தத்தித் தத்திப் பறக்கும், மஞ்ச ஒட்டு அட்டைல மாட்டும். ஈரமான நாத்துத் தட்டுல வேரத் திங்கிறதுல என் அனுபவத்துல பத்துக்கு எட்டு தடவ இதுதான் குத்தவாளி, ஸ்பிரிங்டெயில் கூடவே இருக்கும், பழி அது மேல விழும். சிம்ஃபைலன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் வெள்ளைதான், ஆனா பூரான் குட்டி மாதிரி பன்னெண்டு ஜோடிக் காலு, நீளமான மீசை, வெளிச்சம் பட்டா ஓடி ஒளியும், அது இருந்தா விஷயம் நிஜமாவே பெருசு. தெள்ளு வண்டும் துள்ளும், ஆனா அது கருப்பா பளபளன்னு கெட்டி ஓட்டோட இருக்கும், முத்துன இலையையும் ஓட்டை போடும். இலைப்பேன்னா வெள்ளி பூசுன மாதிரி தேய்ப்பும் நடுவுல கருப்புப் புள்ளியும் தெரியும். நத்தைக்கு வழுவழு கோடு. தண்டு மண்ணு மட்டத்துல தண்ணி ஊறுன மாதிரி இளகிச் சரிஞ்சிருந்தா அது நாத்தழுகல், அந்த அழுகலைத் திங்க ஸ்பிரிங்டெயில் பின்னாடி வந்திருக்கும்.

இன்னொரு சோதனை, உருளைக்கிழங்கை அரை விரல் கனத்துக்கு வட்டமா வெட்டி மண்ணுல லேசா அழுத்தி வைங்க, ரெண்டு நாள் கழிச்சுக் காலைல திருப்பிப் பாருங்க. அடில எத்தன வகை, எத்தன எண்ணிக்கை ஒட்டியிருக்குன்னு தெரியும், பூஞ்சை ஈப் புழுவும் இதுலயே மாட்டும். குடில்ல அஞ்சாறு எடத்துல வெச்சா எந்தப் பாத்தில கூட்டம் ஜாஸ்திங்கிறது வரைபடம் போட்ட மாதிரி விளங்கும், பெரும்பாலும் அது குழாய் கசியுற எடமாவோ கதவோரத்துத் தேங்குன எடமாவோ இருக்கும்.

இதுக்கும் மேல சந்தேகம்னா ஒரு சின்ன விசாரணை வைக்கலாம். மூடி போட்ட ரெண்டு பிளாஸ்டிக் டப்பா, உள்ள ஈரத் துணி, ரெண்டுலயும் இப்பத்தான் முளைச்ச சுத்தமான நாத்து நாலஞ்சு. ஒண்ணுல மட்டும் நீங்க கிண்ணத்துல புடிச்ச பூச்சி அம்பது நூறு விடுங்க, இன்னொண்ணு சும்மா இருக்கட்டும். நாலு நாள் கழிச்சு லென்ஸ் வெச்சுப் பாருங்க. பூச்சி விட்ட டப்பால தண்டு மொழுமொழுன்னு இருந்தா அத விட்டுடுங்க, காரணம் வேற எங்கயோ இருக்கு. பள்ளம் விழுந்திருந்தா சரி, ஆள் இவன்தான். ஒண்ணு ஞாபகம் வைங்க, டப்பால வேற தீனி இல்ல, அதனால நல்லவனும் பசில கொஞ்சம் சுரண்டுவான், அங்கங்க ஒண்ணு ரெண்டு பள்ளத்த வெச்சு முடிவுக்கு வராதீங்க.

சரி, கட்டுப்பாடுக்கு வருவோம். தண்ணிதான் முக்கால் பங்கு வைத்தியம், அதனால அதுலயே கொஞ்சம் நிக்கிறேன்.

கோகோபீட் (தேங்கா நார்த் தூள்) கலவை ஒரு ஏமாத்துக்காரப் பொருள், மேல வெளிறிப்போய்க் காஞ்ச மாதிரி தெரியும், உள்ள பிழிஞ்சா தண்ணி வரும், சில சமயம் தலைகீழா மேல ஈரமா இருக்கும், அடி காஞ்சு கெடக்கும். அதனால கண்ண நம்பாம கைய நம்புங்க. தண்ணி ஊத்தி வடிஞ்ச உடனே குழித்தட்டத் தூக்கிப் பாத்து கனத்த கைல வெச்சுக்கோங்க, தராசு இருந்தா இன்னும் நல்லது, அந்தக் கனத்துல மூணுல ஒரு பங்கு கொறைஞ்சதுக்கு அப்புறம்தான் அடுத்த தண்ணி. காலைல மட்டும் ஊத்துங்க, சாயங்காலம் ஊத்துனா ராத்திரி முழுக்க மேல்மண்ணு ஈரம், ஸ்பிரிங்டெயில் மேயுறதுக்கு அதான் தோதான நேரம். தினம் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்கிற பழக்கத்த விடுங்க, அதுல மேல ஒரு சென்டிமீட்டர் எப்பவும் நனைஞ்சே இருக்கும், வேருக்கு ஒண்ணும் போகாது. ஊத்துனா நல்லா ஊத்துங்க, அப்புறம் கைய வைக்காதீங்க. விதைச்சதுக்கு மேல மெல்லிசா பெர்லைட்டோ (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்லு) கழுவுன ஆத்து மணலோ தூவி விட்டா மேல்பரப்பு சீக்கிரம் காயும், பாசியும் படியாது.

தட்டத் தரைல வைக்காதீங்க. கம்பி வலை போட்ட மேடைல வெச்சா அடில காத்து போகும், குழிக்கு அடில எட்டிப் பாக்குற வேர் தானா காஞ்சு நுனி வெட்டின மாதிரி ஆகும், தரைல இருந்து பூச்சி ஏறுறதும் குறையும். மேடைக்கு அடில தேங்குற தண்ணி, பச்சையா வழுக்குற பாசி, உதுந்து கெடக்குற கலவை, பழைய நாத்துக் குப்பை, இதெல்லாம் ஸ்பிரிங்டெயிலோட குடித்தனம், அத ஒரு நாள் முழுக்க உக்காந்து சொரண்டிக் கழுவுறது மூணு தடவ மருந்து அடிக்கிறதுக்குச் சமம், யாருக்கும் பிடிக்காத வேலைதான். ராத்திரி குடில மூடி வைக்கிற எடத்துல காலைல மொத வெளிச்சத்துக்கே காத்து போற ஜன்னலைத் திறந்து அந்த நாறுன ஈரக் காத்தை வெளிய அனுப்புங்க.

பாத்தில நேரா விதைக்கிறவங்களுக்கு மல்ச்சிங் சீட் (மண்ண மூடுற பிளாஸ்டிக் விரிப்பு) ஒரு சிக்கல். சீட்டுக்கு அடில மண்ணு காயவே காயாது, ஸ்பிரிங்டெயிலுக்கு ஏசி ரூம் மாதிரி. சீட்ட எடுக்கச் சொல்லல, ஓட்டைய கொஞ்சம் அகலமா வெட்டி நாத்து சுத்தி மண்ணு வெளிய தெரியுற மாதிரி விடுங்க, சொட்டு விழுற எடம் தண்டுக்கு நேரா இருந்தா வேர் புடிச்சதுக்கு அப்புறம் ஒரு நாலு விரக்கடை தள்ளி வைங்க. வைக்கோல், இலைன்னு மூடாக்கு போடுறவங்க செடிக்கு நாலஞ்சு இலை வர வரைக்கும் தண்டு பக்கத்துல போடாதீங்க.

உரத்துக்கு வரேன். அரைகுறையா மக்குன தொழு உரம், சூடு ஆறாத கம்போஸ்ட், போன பயிரோட வேரும் தண்டும் அப்படியே மடக்கி உழுத மண்ணு, இதுல எல்லாம் பூஞ்சை கொழுத்துக் கெடக்கும், ஸ்பிரிங்டெயில் பல மடங்கு பெருகும், மூணு வாரம் கழிச்சு அந்தத் தீனி தீரும்போது சரியா உங்க விதை முளைக்கும். இந்த நேரப் பொருத்தம்தான் பெரும்பாலான சேதத்துக்குப் பின்னாடி இருக்கிற கதை. மண்புழு உரத்துல ஸ்பிரிங்டெயில் இருக்கிறது சகஜம், வளந்த செடிக்குப் போட்டா ஒண்ணும் ஆகாது, விதைக்கிற கலவைல மட்டும் சேர்க்காதீங்க. திறந்த கோகோபீட் மூட்டைய ஈரத்தோட மூலைல போட்டு வெச்சு அடுத்த மாசம் எடுத்துப் பாத்தாலும் உள்ள ஒரு ஊரே இருக்கும்.

இப்ப நான் பண்ண முட்டாள்தனத்த சொல்லிடுறேன். ஆரம்பத்துல எனக்கும் இதே மாதிரி வெள்ளரி நாத்து போச்சு, பயந்து போய் ஒரு பூச்சிக்கொல்லியத் தண்ணில கலந்து தட்டு முழுக்க வேருக்கு எறங்குற மாதிரி ஊத்தினேன். மறுநாள் மேல செத்து மிதந்துச்சு, சந்தோஷம். ரெண்டு வாரத்துல முன்ன விட ஜாஸ்தியா வந்துச்சு, மறுபடி ஊத்தினேன், மறுபடி வந்துச்சு. என்ன நடந்துச்சுன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. மொதல்ல, மருந்தோட சேர்த்து தட்டுக்கு நல்லா தண்ணியும் ஊத்தியிருக்கேன், நான் குறைக்க வேண்டியதே அதத்தான். ரெண்டாவது, முட்டைக்கு ஒண்ணும் ஆகல, 20 டிகிரில அது ஒரு வாரம் பத்து நாள்ல பொரிஞ்சிரும், குஞ்சு மூணு நாலு வாரத்துல முட்டை வைக்க ஆரம்பிக்கும், சில வகைக்கு ஆணே தேவையில்ல, ஃபோல்சோமியா கேண்டிடாங்கிற வெள்ளை வகைல பொண்ணு மட்டும்தான், ஒண்ணு மிஞ்சுனா கூட்டம் திரும்ப வந்துடும். மூணாவது, அதப் புடிச்சுத் திங்கிற மண் சிலந்திய (வலை பின்னுற சிலந்தி இல்ல, உண்ணி மாதிரி ரொம்பக் குட்டியா இருக்கிற மைட்) நானே கொன்னுட்டேன். இது எனக்கு மட்டும் நடந்த விஷயம் இல்ல, டிடிடிங்கிற பழைய பூச்சிக்கொல்லி காலத்துலயே மண் ஆய்வுல இத எழுதி வெச்சிருக்காங்க, டிடிடி போட்ட நிலத்துல ஸ்பிரிங்டெயில் குறையறதுக்குப் பதிலா ஏறிச்சு, ஏன்னா அந்த மருந்துக்கு இது அவ்ளோவா சாகல, இதத் திங்குற வேட்டைச் சிலந்திங்கதான் செத்துச்சு.

அந்த வேட்டைச் சிலந்திய நாமளே விடலாம். ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் சிமிட்டஸ், முன்னாடி ஹைப்போஆஸ்பிஸ்னு விப்பாங்க, பழுப்பு நிறம், அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, மண்ணோட மேல் ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்ல ஓடியாடி வேட்டையாடும். பூஞ்சை ஈப் புழு, மண்ணுல எறங்குற இலைப்பேன் கூட்டுப்புழு, ஸ்பிரிங்டெயில் எல்லாத்தையும் திங்கும், அதனால குத்தவாளி யாருன்னு உங்களுக்கு உறுதியா தெரியலன்னாலும் இத விட்டா நஷ்டம் இல்ல. சதுர மீட்டருக்கு 100ல இருந்து 250 வரைக்கும் விடுறது வழக்கம். விதைச்ச அன்னைக்கோ மறுநாளோ விடணும், கூட்டம் பெருகுனப்புறம் விட்டா அது திங்கிற வேகம் பத்தாது. மண்ணு 15 டிகிரிக்குக் கீழ போனா மந்தமாயிடும். டப்பா வந்தா அன்னைக்கே தூவுங்க, தூவும்போது டப்பாவ உருட்டிக்கிட்டே இருங்க, இல்லன்னா சிலந்தி எல்லாம் அடில தங்கிடும், கடைசித் தட்டுக்கு மொத்தமா விழும். கூடவே டலோட்டியாங்கிற ரோவ் வண்டும் விக்கிறாங்க, அது கொஞ்சம் ஊர் சுத்தும், பெரிய குடிலுக்கு நல்லது. பூஞ்சை ஈக்குப் போடுற பிடிஐ பாக்டீரியா ஸ்பிரிங்டெயில ஒண்ணும் பண்ணாது, அத வாங்கி ஏமாறாதீங்க.

மருந்து. லேபிள்ல வெள்ளரின்னும், குடிலுக்குள்ள அடிக்கலாம்னும், நாத்து வயசுல அடிக்கலாம்னும் எழுதியிருந்தா மட்டும் யோசிங்க. பைரித்ரின், வேம்புல இருந்து எடுக்குற அசாடிராக்டின் மாதிரி சீக்கிரம் மக்குற மருந்து மேல மேயுற உருண்டை வகைக்குக் கொஞ்சம் உதவும், சாயங்காலம், மெல்லிசா, இலைக்கும் மண்ணு மேல்பரப்புக்கும் மட்டும், ஓட ஓட ஊத்தாம. மண்ணுக்குள்ள இருக்கிற வெள்ளைக்கு இது எட்டாது. சோப்புத் தண்ணி அதோட தண்ணி ஒட்டாத தோலை நனைச்சிரும், மேடை, தட்டோட ஓரம், தரைக்கு அடிக்க நல்லது, ஆனா வெள்ளரி வித்திலை சோப்புல கருகும், செடி மேல வேண்டாம். டயட்டோமேசியஸ் மண் பொடி காஞ்ச எடத்துல தோலைக் கீறி வத்த வைக்கும், நனைஞ்சா வெறும் சேறு, அதனால ஈரம் குறைக்காம அத மட்டும் தூவுறது வீண், தூவும்போது மூக்கை மூடிக்கோங்க. பழைய கையேட்டுல குளோர்பைரிபாஸ், டயசினான்னு போட்டிருக்கும், அத கையில எடுக்காதீங்க, பல நாட்டுல உணவுப் பயிருக்குத் தடை, ஐரோப்பிய யூனியன் குளோர்பைரிபாஸுக்கு 2020ல அனுமதிய நிறுத்திடுச்சு, வெள்ளரி மாதிரி பறிச்ச கையோட பச்சையா திங்கிற காய்க்கு அது சரியே வராது.

பயிருக்கும் பயிருக்கும் நடுவுல குடில் காலியா இருக்கிற நேரம்தான் நிஜமான வாய்ப்பு. வேர், தண்டு, உதுந்த காய் எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு, மண்ண நனைச்சு, மெல்லிசான கண்ணாடி மாதிரி பாலித்தீன் சீட்ட மண்ணோட ஒட்டி விரிச்சு ஓரத்தப் புதைச்சு, குடில மூடி நல்ல வெயில் காலத்துல நாலுல இருந்து ஆறு வாரம் விட்டா மேல் மண்ணு வெந்துரும். கருப்பு சீட்டு போடாதீங்க, சீட்டு மட்டும் சூடாகும், மண்ணுக்குள்ள அவ்ளோ விடாது. ஓரத்துலயும் ஆழத்துலயும் இருக்கிறது தப்பிச்சு மெதுவா திரும்பி வரும், வரட்டும், நாத்து முறுக்கேற நாலு வாரம் கிடைச்சா நமக்குப் போதும். விதைக் கலவையா இருந்தா நீராவில 60ல இருந்து 70 டிகிரி அரை மணி நேரம், கலவையோட நடு மையத்துல அந்தச் சூடு வரணும், அதுக்கு மேல வேக வெச்சு மண்ணைச் சாகடிக்காதீங்க. வெந்த கலவைல ஒரு பயலும் இருக்க மாட்டான், அடுத்து யார் மொதல்ல வந்து குடியேறுறாங்களோ அவங்க ராஜ்யம், அதனால ஆறுன உடனே சிலந்திய விட்டுடுறது நல்லது.

மத்த காய்க்கு: பீன்ஸ், பீட்ரூட், கீரை, முள்ளங்கி, லெட்டூஸ் விதைப்புல வெள்ளரி மாதிரியே கவனம் வேணும். தக்காளி, மிளகாய்ல நான் பெருசா சேதம் பாத்ததில்ல. லெட்டூஸ், கீரைக் கட்டுல அறுவடை நேரம் இலைக்குள்ள நாலு பூச்சி ஒட்டியிருந்தா அது அழுக்கு மாதிரிதான், கழுவுனா போயிடும், மனுசனக் கடிக்காது. ஹைட்ரோபோனிக் ஸ்லாப்ல (மண்ணில்லாம செடி வளக்குற கட்டில) துள்ளுறது பெரும்பாலும் பாசியையும் செத்த வேரையும் திங்கிறது, வெளிச்சம் படுற ஓட்டைய மூடுங்க, பாசி போனா அதுவும் போயிடும்.

இப்ப உங்க கைல இருக்கிற பன்னெண்டு நாள் நாத்துக்கு வரேன். முளைக்காத குழிய நாளைக்கே கிண்டி விதைய எடுத்துப் பாருங்க, விதை கொழகொழன்னு அழுகியிருந்தா குளிரும் தண்ணியும் கொன்னுருக்கு, முளை வந்து நுனி மொட்டையா பள்ளத்தோட இருந்தா சுரண்டல். முளைச்சதுல நடு மொட்டு முழுசா இருந்தா வித்திலை எவ்ளோ ஓட்டையா இருந்தாலும் தூக்கிப் போடாதீங்க, நிஜ இலை வந்துடும். வளர்ற நுனி போனதையும் தண்டு சுத்தி முழுக்க சுரண்டுனதையும் மட்டும் புடுங்குங்க. மிச்சத்த மேடைக்கு ஏத்தி, காலைல 20க்கு மேல இருக்கிற மாதிரி அடிச்சூடு குடுத்து, தட்டத் தூக்கிப் பாத்து தண்ணி ஊத்துங்க. காலிக் குழிக்கு மறுபடி அதே கலவைல விதைக்காதீங்க, புதுக் கலவைல, ஈரத் துணில முளை கட்டுன விதையா ஒரு விரல் அகலத்துக்கு மேல ஆழம் போகாம தனித் தட்டுல போடுங்க, போட்ட அன்னைக்கே சிலந்திய விடுங்க. உருளைக்கிழங்குத் துண்டு ரெண்ட அந்தப் புதுத் தட்டுலயும் வெச்சு, நாலாவது நாள் திருப்பிப் பாத்து அடில என்ன இருந்துச்சுன்னு எழுதுங்க, துள்ளுறதா, சுருளுறதா, கருந்தலையா, அத வெச்சு அடுத்ததப் பேசலாம்.